நீலம் பிடிக்கும் தண்ணீர்

ஹெமடாக்ஸிலினில் எட்டு நிமிடம்.
அமில ஆல்கஹாலில் ஒரு முக்கு, அவ்வளவுதான்.
பிறகு குழாயடி.

செம்பழுப்பாய் நிற்கும் திசுவை
நீலமாக்கத் தனி மருந்து வாங்குவதில்லை இங்கே.
தண்ணீர் போதும்.
மயிலாடுதுறைக்கு வந்த புதிதில் நான் நம்பவில்லை.

சித்திரையில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும்,
டீக்கு வைத்த பால் திரியும்,
நீலம் மட்டும் நொடியில் ஏறும்.
ஆடியில் ஆற்றுத் தண்ணீர் கலந்துவிட்டால்
பத்து நிமிடம் நிற்க வேண்டும்.
மேட்டூர் திறந்தது கடைமடைக்குத் தெரிவதற்குள்
என் கண்ணாடித் தட்டுக்குத் தெரிந்துவிடும்.

இன்று 412.
வாகீசுவரி, நாற்பத்தாறு, குத்தாலம். வலது மார்பு.
மெழுகோடு நான்கு மைக்ரான் சீவி
வெந்நீரில் மிதக்கவிட்டபோது ஒரு சுருக்கம்.
தூரிகை நுனியால் நீவிவிட்டேன்.

இயோசின். சைலீன். மேலே ஒரு மெல்லிய கண்ணாடி.
ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்க்கிறேன்.
ரோஜா நிறம் இருக்கவேண்டிய இடமெல்லாம் நீலம்.
மழைக்கு முந்தைய வானம்போல் என்று
எழுதத் தோன்றுகிறது; வேண்டாம்.
நீலம், நெருக்கியடித்துக்கொண்டு.
அதற்குப் பெயர் சொல்வது டாக்டர் வேலை.

"கலர் ஏத்தித்தான் பாக்கணும்" என்று
நேற்று அவள் கணவரிடம் சொல்லியிருந்தேன்.
முழங்காலில் நடவுச் சேறு காயாமல்
வாசலில் நிற்கிறார்.
என் நகக்கண்ணில் ஒட்டிய இளஞ்சிவப்பைப் பார்த்தபடி
கேட்கிறார்:
"கலர் நல்லா ஏறியிருக்காம்மா?"

நல்லா ஏறியிருக்குங்க.

சிரித்தார்.
உள்ளே குழாயை மூடாமல் வந்திருக்கிறேன்,
சத்தம் கேட்கிறது.