மூன்றாம் ரீல்

மழை பொய்த்து இரண்டாம் வருஷம்.
கம்பைநல்லூர் டூரிங் கொட்டகையில்
பாலைவனப் படம் வந்திறங்கியது.
யாரோ எழுதிய நாவலாம், வெள்ளைக்காரப் படமாம்.
போஸ்டரில் ஒட்டகத்துக்கு மூன்று கால்தான்,
நாலாவதை ஆடு தின்றுவிட்டது.

தரை டிக்கெட்டுக்குத் தென்பெண்ணை மணல்.
புழுதி அடங்க
சாயங்காலம் பன்னிரண்டு குடம் தெளிப்பது என் வேலை.
குடத்துக்கு ஐந்து பைசா.
உப்புக் கிணறுதான், ஆனாலும் தண்ணீர்.
அடிகுழாயில் ராவெல்லாம் வரிசை நின்றவர்கள்
நான் மணலுக்கு ஊற்றுவதைப் பார்த்தபடி
சீட்டு வாங்கினார்கள்.
ஒருத்தி கேட்டாள்: "உண்ணாமலை,
அந்த மணலுக்கு மட்டும் என்னடி அவ்வளவு தாகம்?"

மைக்கில் கதை சொல்பவன் திம்மராயன்.
ஓசூர்ப் பக்கத்துக்காரன்,
பேசினால் தமிழில் தெலுங்கு மணக்கும்.
இங்கிலீஷில் அவனுக்குத் தெரிந்தது
கம், கோ, வாட்டர்.
அந்தப் படத்துக்கு ஏறக்குறைய அதுவே போதும்.

மூன்றாம் ரீல் வரவில்லை.
மொரப்பூரில் இறக்க மறந்து
ரயில் அதை ஜோலார்பேட்டைக்குக் கொண்டுபோய்விட்டது.
ஆகவே
இரண்டாம் ரீல் முடிவில்
ஒட்டகத்தின் மேல் முகம் திருப்பிக்கொண்டு போனவள்
நாலாம் ரீலில் அவன் கூடாரத்தில் உட்கார்ந்து
அவன் சட்டைக்குப் பித்தான் தைக்கிறாள்.
நடுவுல என்னய்யா ஆச்சு?
பீடிப் புகைக்குள்ளிருந்து கூட்டம் கத்தியது.

முதல் நாள் மணற்புயல் என்றான் திம்மராயன்.
மறுநாள் பாம்பு கடித்தது, விஷத்தை உறிஞ்சினான் என்றான்.
விசில்.
மூன்றாம் நாள்
கடைசி வாய்த் தண்ணீரை அவளுக்குக் கொடுத்தான் என்றபோது
விசில் இல்லை.
யாரோ எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது.

நாலாம் நாள்,
"அந்தம்மா தினம் பன்னிரண்டு குடம் சுமந்தாள்,
அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்."
தலைகள் என் பக்கம் திரும்பின.
"பாத்தவன் ஒரு குடமாச்சும் தூக்குனானா?" என்றேன்.
கொட்டகையே சிரித்தது. நானும்.
எங்கள் ஊர்த் தண்ணீர் பல்லைப் பழுப்பாக்கும்.
சிரித்தால் கையால் மூடிக்கொள்வேன்,
அன்று கை காலிக் குடத்தின் கழுத்தில் இருந்தது.

மறுநாள் அவன் ஒரு குடம் தூக்கி வந்தான்.
பாதி சட்டையில்.

ஆறாம் நாள் ரீல் வந்து சேர்ந்தது.
புயல் இல்லை. பாம்பு இல்லை.
அவளைக் குதிரையில் மூட்டைபோல் போட்டுக்கொண்டு போகிறான்.
அடிக்கிறாள், கடிக்கிறாள்,
கூடாரத்தின் ஓரத்தில் சுருண்டு கிடக்கிறாள்.
தோல்பையில் தண்ணீர் இருக்கிறது,
ஆட்டிக் காட்டுகிறான்.
பின்னால் வயலின் இனித்துக்கொண்டிருந்தது.

திம்மராயன் பேசவில்லை.
மிஷின் ஓடும் சத்தம் மட்டும்.
"கதை சொல்லுய்யா!"
ஒயர் எட்டும் மட்டும் மைக்கை இழுத்து வந்து
பெண்கள் பக்கத் தடுப்புச் சுவர்மேல் வைத்தான்.
"இந்த இடம் எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க."

கொஞ்ச நேரம் ஒரு குழந்தையின் இருமல்.
அப்புறம் கடலை விற்கும் லக்கம்மா:
"அவளுக்கு வழி தெரியாட்டி என்ன,
ஒட்டகத்துக்குத் தெரியுமில்ல."
இருட்டிலிருந்து இன்னொருத்தி:
"ஊசி கையிலதான இருக்குது,
பித்தானையா தெக்கிறா?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் நூலைக் கடித்து அறுப்பதைப் பார்த்தேன்.
எவ்வளவு வெள்ளைப் பல்.

கொட்டகையைப் பிடுங்கிக்கொண்டு
அரூர்ப் பக்கம் போய்விட்டார்கள்.
கம்பு நட்ட குழிகளில் கோழிகள் புரண்டன.
விடிந்து கதவைத் திறந்தால்
வாசலில் ஒரு குடம், முக்கால்வாசி.
தேறிவிட்டான்.

அன்றைக்கு நான் அதைத் தொடவில்லை.
மறுநாள்
காலிக் குடத்தோடு அரூர் பஸ் ஏறினேன்.
கண்டக்டர் குடத்துக்கும் டிக்கெட் போட்டான்.