கண் இருக்கும் இடம்

இரவுப்பணி இல்லாத வாரம்.
ஒஸ்ட்ராவாவில் பனி, பிறகு சேறு, மறுபடி பனி.
பகலில் டிராம்களுக்குப் பிரேக் மாற்றுகிறவன்
ராத்திரி சமையலறை மேசையில்
பறக்காத விமானம் ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.

இறக்கை முடிந்தது. வால் முடிந்தது.
சக்கரத்துக்குச் சேறுகூடப் பூசியாயிற்று.
காக்பிட்டில்தான்
சாம்பல் பலகையில் ஆறு ஓட்டைகள்,
பல் பிடுங்கிய வாய்.

முதலில் உயரமானி.
பலகை பன்னிரண்டு டிகிரி சாய்வு,
நான் மானிக்குக் கொடுத்தது பத்து.
கீழ்விளிம்பு தகரத்துக்குள் முங்கி
ஐந்து என்ற எண்ணைக் காணோம்.
அதைத் தூக்கி எடுத்தால்
முள்ளின் அச்சு மயிரிழை விலகியிருக்கிறது:
நொண்டி நொண்டி ஆயிரம் மீட்டர் ஏறுகிறது.

வேகமானியைப் பலகையோடு பலகையாக
இம்மி பிசகாமல் பதித்தேன்.
அதுதான் தப்பு.
ஒரே இடத்தில் இரண்டு பரப்பு என்றால்
எதை வரைவதென்று கணினிக்குத் தெரியாது.
நீயா நானா என்று இரண்டும்
மினுக்கி மினுக்கி அடித்துக்கொண்டன.
அரை மில்லிமீட்டர் முன்னால் இழுத்தேன்,
ஓய்ந்தது.
தம்பியும் நானும் ஒரே வீட்டைப் பங்கிட்டபோது
இந்த அரை மில்லிமீட்டரை
எந்த வக்கீலும் சொல்லவில்லை.

அசல் விமானம் ஷும்பெர்க் திடலில் நிற்கிறது.
கிளைடர்களைக் கயிறு கட்டி மேலே இழுத்துப்போவது அதன் பிழைப்பு.
ஓட்டுகிறவள் த்ரஹோமீரா.
மைனஸ் ஒன்பதில், ஹேங்கருக்குள்,
மானிக்கு மானி தையல் டேப் பிடித்து அளந்து
கையில் காகிதம் இல்லாமல்
கையுறையின் மேலேயே எழுதி
கையுறையைப் படமெடுத்து அனுப்பினாள்.
மூன்றாவது அளவு கட்டைவிரல் மடிப்புக்குள் போய்விட்டது.
அதை ஊகித்தேன். சொல்லவில்லை.

முடித்து அனுப்பியதற்குப் பதில் வந்தது:
"எல்லாம் சரி, ஹீனெக்.
ஆனால் இது என் விமானம் இல்லை.
வேகமானியின் உச்சியில் இருக்கும் எண்பதை
நான் பார்த்ததே கிடையாது."

மௌசை எடுத்தேன், ஆறையும் கலைத்து அடுக்க.
அப்புறம் கேட்கத் தோன்றியது: உன் உயரம் என்ன?
நூற்று ஐம்பத்தாறு. அடியில் ஒரு மெத்தை.
நான் கண்ணை வைத்திருந்ததோ
கையேட்டில் வரும் பெயரில்லாத ஆணின் நெற்றிக்குக் கீழே.

ஒரு மானியையும் தொடவில்லை.
கண்ணை இறக்கினேன்:
ஒன்பது சென்டிமீட்டர் கீழே, நான்கு முன்னே.
கறுப்பு முகப்பு மேடாக எழுந்தது,
எண்பது அதன் பின்னால் அஸ்தமித்தது.

எண்பது தெரியாமல் எப்படி இறங்குகிறாய்?
"காற்றுச் சத்தம் மெலியும். கேட்டுக்கொள்வேன்."
ஒலி எதுவும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

திசைகாட்டிக்கு அடியில் பென்சிலில் எழுதிய அட்டை,
அவள் கையெழுத்து, ஏழுக்கு இடுப்பில் குறுக்குக்கோடு:
தொண்ணூறு வேண்டுமானால் தொண்ணூற்று மூன்று பிடி.
அட்டையைப் படமாக ஒட்டிவிட்டேன்,
ஆனால் என் திசைகாட்டி துல்லியமாகக் காட்டுகிறது;
அதனால் அட்டை பொய்யாகிறது.
ஒரு மணிநேரம் உட்கார்ந்து
நேர்மையான முள்ளுக்கு
மூன்று டிகிரி புளுகக் கற்றுக்கொடுத்தேன்.

ஆறாவது ஓட்டை மட்டும் அசலிலும் ஓட்டைதான்.
கடிகாரம் பழுதுபார்க்கப் போனது, திரும்பவில்லை.
அதற்குள் அவள் டாஃபி வைப்பாள்,
தின்ற பிறகு காகிதத்தையும்.
கசங்கிய காகிதம் இரண்டு செய்தேன்,
முப்பத்தெட்டு முக்கோணங்களில்.
பெயரில்லாத ஆணுக்கு அது தெரியாது.
அவள் கண்ணிலிருந்து குனிந்தால்
ஓரத்தில் கொஞ்சம் பச்சை.

மணி மூன்று.
ஆறரைக்குப் பணிமனை திறக்கும்.