நோட்டு

கிண்ணியாவில் முதல் நாள்
"நோட்டை எடுங்க" என்றேன்.
பதினேழு பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள்.
நுஸ்கி மட்டும் காற்சட்டைப் பையைத் துழாவி
கசங்கிய இருபது ரூபாயை எடுத்து
மேசையில் வைத்தான்.

"மிஸ் கொப்பியச் சொல்றா"
என்று ஸும்ரா மொழிபெயர்த்தாள்,
தமிழிலிருந்து தமிழுக்கு.

கணவருக்குச் சீனன்குடாவில் வேலை.
வீடு கிடைத்தது பாலம் தாண்டி இந்தப் பக்கம்.
தூத்துக்குடியில் நான் படித்த ஆங்கிலம்
பெட்டியில் சும்மா கிடந்தது.
ஹாஜியார் ஒருவர் நெல்மூட்டை அடுக்கிய அறையை
கூட்டித் துடைத்துக் கொடுத்தார்.
இன்னமும் எழுத்துகளின் மேல்
உமித்தூசி வந்து உட்கார்கிறது.

ஓதப்பள்ளி விட்டு நேரே வருகிற பிள்ளைகள்
கொப்பியைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறப்பார்கள்.
வலது ஓரத்தில் நிற்கும் ஏ,
அதன் இடப்பக்கம் பி,
தொப்பை திரும்பிய சி.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.
ஐந்து வயதில் இவர்களுக்கு
மூன்று எழுத்து, இரண்டு திசை.
எனக்கு இந்த வயதிலும்
ஒரே பக்கமாகத்தான் போகத் தெரியும்.

ஃபிஷ் என்று சொல்ல
மேல்பல்லைக் கீழுதட்டில் வைக்க வேண்டும் என்பது
கான்வென்ட் முடித்து
பத்தொன்பது வயதில்தான் எனக்குப் பிடிபட்டது.
இவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
ஃபாத்திஹா ஓதிய வாய்.
வரிக்குதிரையை ஒருவரும் கண்டதில்லை,
ஆனால் அதன் முதல் எழுத்து
அவர்கள் பல்லிடுக்கில்
வண்டு மாதிரி ரீங்கரிக்கும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த படப்புத்தகத்தில்
பி எழுத்துக்குப் பன்றி.
முந்தின இரவே மைதாப் பசை காய்ச்சி
அதன்மேல் ஒரு கிளியை ஒட்டினேன்.
காலையில் மிப்லால் நகத்தால் சுரண்டினான்.
"மிஸ், கிளிக்குக் கீழ பண்டி இருக்கு!"
வகுப்பே எழுந்து வந்து எட்டிப் பார்த்தது.
எனக்கு முதுகெல்லாம் வியர்வை.

வாசலில் செருப்போடு நின்ற ஸும்ராவின் உம்மா
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
"பேர் படிக்கிறதுக்கு என்ன மிஸ்,
திங்கவா சொல்றீங்க?"

இப்போது அந்தப் பக்கத்தில்
பாதி கிழிந்த கிளி
பன்றியின் முதுகில் நிற்கிறது.
பிள்ளைகள் இரண்டின் பெயரையும்
ஒரே மூச்சில் சொல்கிறார்கள்.

நோன்பு மாதம்.
தண்ணீர் குடிக்க நான்
அலமாரிக்குப் பின்னால் போவேன்.
அரை நோன்பு பிடித்திருந்த ஸும்ரா
அதையும் கண்டுபிடித்தாள்.
"இங்கயே குடிங்க மிஸ்,
நாங்க கண்ண மூடிக்கிறம்."
பதினேழு ஜோடி இமைகள் இறுகின.
ஒரு மிடறு
தொண்டையில் இறங்குகிற சத்தம்
இவ்வளவு பெரியதென்று
அதற்குமுன் எனக்குத் தெரியாது.

நேற்றுப் பாடம் திஸ், தட்.
கைக்கெட்டினால் திஸ், எட்டாவிட்டால் தட்.
திஸ் இஸ் எ பேக்.
ஜன்னல் வழியே தட் இஸ் எ போட்.
நுஸ்கி கையை உயர்த்தினான்.
"இந்தியா திஸ்ஸா தட்டா மிஸ்?"
"தட்."
"அப்ப கட்டார்?"
"அதுவும் தட்தான்டா."
அவன் தலையை ஆட்டவில்லை.
"இல்ல மிஸ். வாப்பா ராவைக்கு
என்ட கைக்குள்ளதான வாறாரு.
கட்டார் திஸ்."

கொப்பியில் அப்படியே எழுதியிருந்தான்.
இலக்கணப்படி பிழையில்லை.
சரி போட்டேன்.
போட்ட பிறகும் கொஞ்ச நேரம்
பேனா அங்கேயே நின்றது.

இரவு அம்மா போனில் வந்தாள்.
என்ன செய்கிறாய் என்றாள்.
"கொப்பி திருத்துறேன்மா."
"என்னது?"
"கொப்பி."
"என்ன பேசுற நீ, ஒண்ணும் விளங்கல."
லைன் இரைந்தது,
நான் மறுபடி சொல்லவில்லை.

ஸும்ரா பக்கத்தில் இருந்திருந்தால்
சொல்லியிருப்பாள்.