மானி வாசிப்பாளர்

சபை தந்த அடையாள அட்டையில் என் பெயரை
வெயில் தின்றுவிட்டது.
மிச்சம் ஒரு இலக்கமும் ஒரு மீசையும்.
மீசைக்கு ஊர் இல்லை.
அதனால் எந்தக் கேற்றிலும்
என்னைத் தங்கள் ஆள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்,
முதல் ஐந்து நிமிடம்.

உவர்மலையில்
நான் மூடியைத் தூக்கிச் சிலந்தியைத் தட்டிக்கொண்டிருக்க
அந்த அம்மா பின்வீட்டைக் கண்ணால் காட்டினா.
"தோட்டக்காட்டுச் சனம், தம்பி.
வாடகை ஒழுங்காத்தான் தருகினம்.
எண்டாலும் பாருங்கோ,
இனி ஊரைக் கேட்டுத்தான் வீடு குடுக்கோணும்."
நானூற்றுப் பதினொன்று.
நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
கை தவறியதா, வேண்டுமென்றா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் பிறந்தது இந்த ஊர்ப் பெரியாஸ்பத்திரியில்.
அம்மாதான் எழுபத்தேழில்
லயம் எரிந்த இரவுக்கு மறுநாள்
ஒரு குடமும் இரண்டு கம்பளியுமாக லொறியேறி வந்தவள்.
கன்னியாவுக்கு அப்பால் பற்றைக்காடு வெட்டியபோது
வந்தவன் போனவன் எல்லாம் கேட்டானாம்,
"சொந்த ஊர் எது?"
ஒவ்வொரு தரமும் அவள்
ஒரு தோட்டத்தின் வெள்ளைக்காரப் பெயரைச் சொல்வாள்,
வாய்க்குள் பாதி உடைந்துபோகும்.
கேட்டவன் சிரிப்பான்.

அபயபுரவில் நான் மல்லி.
என் சிங்களத்தில் பிசிறில்லை.
தேத்தண்ணி தந்தவர் சொன்னார்,
தமிழன் கடையில் மிளகாய்த்தூள் வாங்காதே,
எதைக் கலப்பான் என்று சொல்லேலாது.
குடித்தேன்.
சீனி சரியாக இருந்தது.

ஜமாலியாவில் அந்த ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.
"போன மாசம் வந்த பொடியன்
மீற்றர்ப் பெட்டிக்குள்ள குண்டு கிண்டு இருக்கா எண்டு
பகிடி விட்டவன்" என்றார் ஹாஜியார்.
அது நான் இல்லை என்றேன்.
தெரியும் என்றார்.
என்றாலும் என்னை மதிலுக்கு வெளியே நிற்கவைத்து
தானே குனிந்து வாசித்துச் சொன்னார்,
ஒவ்வொரு இலக்கமாக,
கணக்குப் பாடம் சொல்வதுபோல.

மானி என்றால் மானமுள்ளவன் என்றும் அர்த்தமாம்.
பயிற்சி வகுப்பில் யாரோ சொன்னது.
அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

பாலையூற்றுக்குப் போகையில் பின்னேரம் நாலு மணி.
பறங்கி வீடு.
போத்தல் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே மணியடித்தேன்.
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை,
நினைப்பு தானாகவே வந்தது.
எர்வின் அந்திராடோ தையல் மெசினில் இருந்து எழுந்து வந்தார்,
வாயில் குண்டூசிகள்,
தோளில் யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடை.
"எல்லாப் பைப்பும் பூட்டியிருக்கு. இது சுத்துது."
இருவரும் குந்தியிருந்து பார்த்தோம்.
கண்ணாடிக்குக் கீழே அந்தச் சின்னச் சிவப்பு நட்சத்திரம்
அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.
நிலத்துக்குக் கீழே எங்கோ கசிவு.
எவ்வளவு காலமாக என்று அவருக்கும் தெரியாது.
பில் மட்டும் மாதாமாதம் அவருக்குத்தான்.

பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று
நான் கேட்டேன்,
"உங்கட சொந்த ஊர்?"

கேட்ட பிறகுதான் என் குரல் எனக்குக் கேட்டது.

அவர் வாயில் இருந்த ஊசிகளை
ஒன்றொன்றாக எடுத்துச் சட்டைப்பையில் குத்தினார்.
"ஐந்நூறு வருசமா இதைத்தான் கேக்கிறாங்கள்" என்றார்.
நீயுமா என்று மட்டும் கேட்கவில்லை.
கையொப்பம் வைத்தார். எழுத்து அழகு.

உவர்மலைக்குக் கூட்டி எழுதிய ஒரு யூனிட்டை
வருகிற மாதம் மானி தானாகவே சரிக்கட்டிவிடும்.
வாயால் கேட்டதற்கு
வருகிற மாதம் என்று ஒன்று இல்லை.

இருட்டுப்படச் சைக்கிளைச் சாத்தினேன்.
"இன்னைக்கு எந்தப் பக்கம் போன?" என்றாள் அம்மா.
பாலையூற்று.
"பறங்கி ஆளுங்க. பாத்துப் போடா."

எங்கள் வீட்டுக்கு இன்னும் லைன் இழுக்கவில்லை.
காணிக்கு உறுதி வேண்டுமாம்.
கிணற்றில் வாளியை விட்டு
முகம் கழுவினேன்,
பிறகு வாயும் கொப்பளித்தேன்.
எத்தனை வாளி என்று
யாரும் எழுதிக்கொண்டு போவதில்லை.