சிறு விலகல்

தலைக்கவசத்தில் கோழி முட்டையிட்டிருந்தது.
ஹுவேயிலிருந்து வந்த தணிக்கையாளர் கியெத்
முதலில் பார்த்தது அதைத்தான்.
ஏட்டில் எழுதினார்: சிறு விலகல்.
திருத்தத் தொண்ணூறு நாள்.

அடைகாக்க இருபத்தொரு நாள் போதும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
மழையில் மூன்று குன்று ஏறி வந்தவர்,
காலுறைக்குள் அட்டை.

எனக்கு இரண்டு எக்டேர் அக்கேசியா.
ஐந்தாம் வருடம் வெட்டினால் சிராய்,
காகித ஆலைக்கு, கப்பலில், எடைக்கு.
பத்தாம் வருடம்வரை விட்டால் பலகை,
நாற்காலிக் கம்பெனிக்கு,
நூற்றுக்குப் பதினெட்டு கூடுதல்,
சான்றிதழ் இருந்தால்.
அந்த 'இருந்தால்' என்ற சொல்லுக்குள்
ஐந்து வருடம் சாப்பிட வேண்டும்.

லுவா காத்திருக்கவில்லை.
மகளை ஜப்பானுக்கு அனுப்பத் தரகருக்குப் பணம்.
நாலரை வயது மரங்கள்,
என் தொடைப் பருமன்கூட இல்லை.
லாரி போன மறுநாள் சருகுக்குத் தீ வைத்தாள்.
நான் வைக்கக் கூடாது.
களைக்கொல்லியில் பாதிப் பெயர்களை வாங்கக் கூடாது.
ஓடைக்கு இருபுறமும் பத்து மீட்டர்
கத்தி படக் கூடாது.
நானும் சுங்கும் டேப் பிடித்து அளந்தோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு மரம்.
ஒவ்வொன்றாய் எண்ணி
ஒவ்வொன்றாய்த் திட்டினேன்.

கட்டணம் தனியாளுக்குக் கட்டாது.
முப்பத்தொரு வீடு சேர்ந்த குழு, கணக்கெழுதுவது நான்.
வரைபடம், பயிற்சி, கியெத்தின் பேருந்துக் காசு.
ஒரு வீடு தவறினால்
முப்பத்தொன்றும் காகிதத்தை இழக்கும்.
அதனால் அடுத்த மலையில் புகை தெரிந்தால்
இப்போது யார் என்று கேட்கிறோம்.
முன்பு குடத்தோடு ஓடினோம்.

கியெத் கேட்டுக்கொண்டே நடந்தார்.
கல்லறைகள் எங்கே? காட்டினேன்.
ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியா?
கேட்கும்வரை
அது ஒரு கேள்வி என்றே எனக்குத் தெரியாது.
அந்த வாரம் பட்டை உரிக்கும் தாவுக்கும்
அவள் தங்கைக்கும் கூலி ஏறியது.
அதைச் செலவு என்று எழுதினேன்.
ஏட்டில் அதற்கு வேறு பத்தி இல்லை.

ஆபத்துகள்?
மண்ணுக்கடியில், என்றேன்.
குழி தோண்டினால் பழைய போர் கிடைக்கும் மாகாணம் இது.
படிவத்தில்
மேலிருந்து விழுவது மட்டும் இருந்தது.

எட்டாம் வருடம் புயல் எண் ஒன்பது.
நாங்கள் புயலுக்குப் பெயர் வைப்பதில்லை.
லுவாவின் புதுக் கன்றுகள் குனிந்து எழுந்தன.
உயர விட்டவர்கள் மரம்தான் முதலில் முறிந்தது:
எனக்குத் தொள்ளாயிரம், ஒரே இரவில்,
தீக்குச்சிப் பெட்டி கொட்டியதுபோல்.
சான்றிதழில் காற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஓடைக்கரையில்
இருநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று நான்கு நின்றன.
மண் சரியவில்லை.
விதியாலா, காற்றின் திசையாலா?
தெரியாது என்று எழுதுங்கள் என்றேன்.
'பயன் காணப்பட்டது' என்று எழுதினார்.

பத்தாம் வருடம் வெட்டினோம்.
கட்டணம் கழித்து, புயல் கழித்து,
இடையில் வாங்கிய கடனுக்கு வட்டி கழித்து,
லுவா இருமுறை வெட்டி எடுத்ததைவிட
பாதி மோட்டார் சைக்கிள் அதிகம்.
எந்தப் பாதி என்று சுங் கேட்டார்.

அடுத்த பத்து வருடத்துக்கான படிவம்
அரிசிப் பானைக்கு அடியில் இருக்கிறது.
அதற்குள் மழை வந்துவிட்டது, கன்றுகள் வந்துவிட்டன.
தலைக்கவசத்தைக் கழுவி அணிந்துகொண்டேன்.
மண்வெட்டியை மெல்ல இறக்கி
நிறுத்தினேன்,
சத்தம் வருகிறதா என்று.