அமானிதம்

தாராபுரத்திலிருந்து வந்த கட்டில்
பதினாறு பக்கம், கல்லச்சு.
மேலே அரபு எழுத்து, உள்ளே அப்பட்டமான தமிழ்.
கோயமுத்தூர் கலெக்டர் கச்சேரியில்
அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்.
மாதம் இருபத்தெட்டு ரூபாய்,
ஒரு சிவப்புப் பென்சில்.

"எங்கிருந்து வந்தது இது?
துருக்கியிலிருந்தா, வடக்கத்தி மதரசாவிலிருந்தா?
ஊற்றுக்கண்ணைக் காட்டு" என்றார் துரை.
ராஜத்துரோகம் தெரிகிற இடத்தில்
அடிக்கோடு.

கலீபாவுக்கு ஒன்றரைப் பக்கம்.
அதிலும் ஊர்ப்பெயர்கள் பிழை.
அசனா லெப்பை பாலக்காட்டைத் தாண்டியதில்லை.

மீதியெல்லாம் ஒரு குடம்.

ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவன்
செப்புக்குடத்தை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறான்.
திரும்பி வந்து கேட்கிறான்.
"நசுங்கிக் கிடந்துச்சு, நாந்தான் ஒடுக்கெடுத்தேன்.
புளி போட்டுத் துலக்கினேன்.
மூக்கு ஒண்ணு வெச்சேன், ரயிலு மாதிரி தண்ணி ஓடும் பாரு.
உனக்குக் குடம் பிடிக்கத் தெரியாது.
தெரிஞ்சதும் தாறேன்."

கீழே லெப்பை எழுதுகிறார்:
அமானிதத்தைத் திருப்பித் தராதவன் பேரு என்னங்க?
புகையிலை மண்டியில கேளுங்க.
கண்ணபுரம் மாட்டுச் சந்தையில கேளுங்க.
கவுண்டரைக் கேளுங்க, ராவுத்தரைக் கேளுங்க,
ஒரே பேருதான் சொல்லுவாங்க.
அந்தப் பேரையும் எழுதியிருந்தார்.
அப்புறம் ஒரு வரி:
அஞ்சு வேளையும் நெத்தி படுற மண்ணு,
அதுக்கும் இவங்கிட்டயா ரசீது வாங்குறது?

பென்சில் அங்கேயே நின்றது.
அமானிதத்துக்கு இங்கிலீஷில் என்ன?
அகராதியை மூன்று தரம் புரட்டிவிட்டு
'டிபாசிட்' என்று எழுதினேன்.
தராதவனுக்கு, பாக்கிதாரன்.
அடிக்கோடு ஒன்றுமில்லை.

தலைமைக் குமாஸ்தா கோப்பை
கஜானாவின் டிபாசிட்டுப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்.
எழுபது நாள் அங்கே தூங்கியது.
அதற்குள் குடம்
காங்கேயம், வெள்ளக்கோயில், கரூர் என்று வண்டியேறிப் போனது.
சொன்னவர்களில் பாதிப்பேர் கலீபாவை விட்டுவிட்டார்கள்.
மூக்கு வைத்ததை ஒருவரும் விடவில்லை.

நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டேன்.
ஒரு ஜும்ஆ முடிந்து
கோட்டைமேட்டுப் பள்ளிவாசலில் செருப்புத் தேடும்போது
எதிரே வந்து நின்றார் லெப்பை,
என்னைவிடப் பத்து வயது சின்னவர்.
"நான் கள்ளன்னு எழுதினேன்.
நீங்க கடங்காரன்னு ஆக்கிப்போட்டீங்கண்ணா.
கடங்காரனுக்குத் தவணை உண்டுல்லங்க?"

மறுவாரம் தாராபுரம் சந்தையில்
ஒரு பாரவண்டி மேல் ஏறி நின்று
பதினாறு பக்கத்தையும் படித்தார்.
இரண்டாம் பக்கத்திலேயே போலீஸ் வந்துவிட்டதாம்.
முடிக்கட்டும் என்று அவர்களும் காத்திருந்தார்களாம்.

விசாரணைக்குத் துபாஷி நான்.
மாஜிஸ்திரேட் கப்பலிறங்கி மூன்று மாதம்.
லெப்பை கூண்டில் நின்று முதலிலிருந்து சொன்னார்.
ஒடுக்கெடுத்த இடத்தில்
டவாலிச் சேவகன் சிரித்துவிட்டு இருமினான்.
பங்காப் பையன் கயிற்றை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.
காகிதங்கள் அசையவில்லை.

கடைசிச் சொல் வந்தது.

"என்ன சொல்கிறான்?"

"உங்களத்தானுங்க" என்று
வாய் தவறித் தமிழில் ஆரம்பித்து,
பிறகு இங்கிலீஷில் சொன்னேன்.
குமாஸ்தா பிழையில்லாமல் எழுதிக்கொள்ளட்டும் என்று
எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.