இடது மூலைக்குச் சாயும் மேசை

பகாவில் மூன்று பூல் கடை.
மூன்றுக்கும் துணி மாற்றுவது நான்தான்.
ஆட்டம் பார்க்க நிற்பதில்லை;
ஆடியவன் யாரென்று துணி சொல்லிவிடும்.

அடகுக்கடை மாடியில் தவுக்கே ஆ செங்கின் கடை.
ஆறு மேசை, ஏர்கான்.
வெள்ளிக்கிழமை இரவு சிரம்பானிலிருந்து வருகிறார்கள்,
கியூவைத் துப்பாக்கிபோல் பெட்டியில் பூட்டிக்கொண்டு.
அங்கே கழற்றும் துணியில்
வெள்ளைப் பந்து உட்காரும் இடம் மட்டும்
காசளவு வெளுத்திருக்கும்.
ஒரே இடத்தில் வைத்து
ஒரே மாதிரி உடைக்கிறவர்கள்.
ஐந்நூறு வெள்ளி கைமாறும்போதும்
கொசு அடிக்கிற சத்தம்தான் கேட்குமாம்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் நியூ ஸ்டார்.
டியூசன் பீசு அங்கேதான் கட்டப்படுகிறது.
துணியெங்கும் பிறை பிறையாய்க் கிழிசல்,
சிகரெட் சுட்ட பொட்டு, மீ கோரிங் எண்ணெய்,
ஒரு தடவை, நம்புங்கள், ஒரு பல்.
பந்தைக் குழியில் போடுவதைவிட
கியூவை முதுகுக்குப் பின்னால் சுழற்றத் தெரிந்தவர்கள்.
குமரகுரு என்றொரு பையன்
எட்டாம் பந்தைத் தரையில் விழவைத்து
அதற்கும் கைதட்டு வாங்குவான்.
மூன்று மாதத்துக்கொரு முறை எனக்கு வேலை தரும்
நல்ல பிள்ளைகள்.

மூன்றாவதைக் கடை என்றால் ஆ செங் சிரிப்பான்.
செம்பனை ஆலை வாசலில்,
லோரிகள் வரிசை பிடிக்கும் இடத்தில்,
தகரக் கொட்டகை, ஒரே மேசை,
ஒரு காலுக்கடியில் பலகைத் துண்டு.
லெவல் வைத்தேன்: குமிழி
வலப்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது.
பந்தை எங்கே அடித்தாலும்
இடது மூலையை நினைத்துக்கொண்டேதான் போகும்.
குலை இறக்கக் காத்திருக்கும் டிரைவர்கள் ஆடுவார்கள்.
தோற்றவன் கோப்பிக்குக் காசு கொடுத்து
மேசையைத் திட்டுவான்.

போன வருசம் ஓரத்து ரப்பர் மாற்றப் போனபோது
(ரப்பர் சீனாவிலிருந்து வருகிறது;
இங்கே இருந்த பால்மரமெல்லாம் செம்பனையாகிவிட்டது)
துணியை உற்றுப் பார்த்தேன்.
நடுவில் ஒரு தடம், பிறகு பல தடம்,
ஒன்றுகூட நேரில்லை.
குலை வெட்டும் அரிவாள்போல் வளைந்து
அத்தனையும் குழிக்குள் இறங்கியிருந்தன.
டிரைவர் கை இல்லை இது.
யாரென்று கேட்டேன்.
கொட்டகைக்காரர் ரெங்கசாமி தாடையால் காட்டினார்,
எதிரே எடைமேடைக் கண்ணாடிக் கூண்டை.

தவமலர். இரவு ஷிப்ட் கிராணி.
லோரி வராத இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை
தனியாக ஆடுகிறாள்.
எதிராளிக்கும் அவளே ஆடுகிறாள்.
எதிராளிதான் அதிகம் ஜெயிக்கிறானாம்.

தீபாவளிக்கு மறுநாள்
சிரம்பான்காரன் ஒருவன் டயர் வெடித்து மாட்டிக்கொண்டான்.
பெட்டியைத் திறந்தான்.
விடியும்போது எடைச்சீட்டின் பின்பக்கம்
நானூறு வெள்ளிக் கடன் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

செய்தி மாடி ஏறியது. ஆ செங் ஆள் அனுப்பினான்.
யூனிபார்மோடு போனாள்.
அன்று மட்டும் நானும் நின்றேன்.
ஆறாம் நம்பர் மேசை, போன வாரம்
நானே தண்ணீர்போல் மட்டம் பிடித்தது.
முதல் பந்து குழிக்கு ஒரு விரல் தள்ளி நின்றது.
இரண்டாவதும்.
இல்லாத சரிவுக்கு
அவள் கை இடம் விட்டுக்கொண்டே இருந்தது.
கொசு சத்தம் கேட்கவில்லை;
அப்படிச் சிரித்தார்கள்.

இன்று ரெங்கசாமி கூப்பிட்டார்:
புதுத் துணி போடு, மேசையையும் நிமிர்த்து.
பலகையை உருவக் குனிந்தேன்.
அவள் கூண்டிலிருந்து இறங்கி வந்தாள்.
வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.

"சாய்வு எத்தனை மில்லி?"

"ஒன்பது."

சீட்டில் எழுதிக்கொண்டாள்.
"காலி லோரியின் எடையைக் கழிக்காமலே
மாடிக்குப் போயிட்டேன், அண்ணே."

வெளியே ஹார்ன் அடித்தது, ஒன்று, பின்னாலேயே இன்னொன்று.
பாதி வழியில் திரும்பிக் கேட்டாள்:
ஆ செங் கடைக்கு அடுத்து எப்போது துணி மாற்றுகிறேன்,
வெள்ளிக்கிழமைக்கு முன்னாலா, பின்னாலா.